கடைசிப் பதினாறு பக்கங்கள்

பாத்,
9 ஜனவரி 1961

அன்புள்ள வின்னி,

குளிரில் வீங்கிய கால்விரல்கள் இப்போது செருப்புக்குள் நுழைகின்றனவா? விட்பியின் கடற்காற்று இங்கே எனக்கே உறைக்கிறது. என் வலது மணிக்கட்டு தட்டச்சு அடித்து அடித்து வீங்கிவிட்டது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார், பதிப்பகத்தார் எடுக்காதே என்கிறார்கள். யார் சம்பளம் தருகிறார்களோ அவர்கள் பேச்சைக் கேட்கிறேன்.

என் போன நாவலில் சிண்ட்ரெல்லாவின் செருப்பு ஊரில் பாதிப் பெண்களுக்குப் பொருந்திப்போய்ப் பிரபு திண்டாடினாரே, அது நன்றாக விற்றுவிட்டது. அதே மாதிரி இன்னொன்று வேண்டுமாம். அதே நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய லண்டன், அதே நடன விருந்துகள். இந்தத் தடவை தவளை இளவரசன். நீ சின்ன வயதில் கேட்டுவிட்டு வாந்தி எடுத்த கதை. இளவரசியின் தங்கப் பந்து கிணற்றில் விழுகிறது, தவளை எடுத்துத் தருகிறது, பதிலுக்கு அவள் தட்டில் சாப்பிட வேண்டும் என்று கேட்கிறது, கடைசியில் இளவரசனாக மாறுகிறது.

நாயகி கிடைத்துவிட்டாள். தவளைதான் கிடைக்கவில்லை. அப்போதுதான் உன் வீட்டு மாடியில் தங்கியிருக்கும் நீர் வாரியத்து மனிதர் நினைவுக்கு வந்தார். ஈரப் பூட்ஸோடு கூடத்தில் நிற்பார், தொண்டையைச் செருமாமல் பேச மாட்டார் என்று கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதியிருந்தாய். அவரைப் பற்றி எல்லாவற்றையும் எழுது. நீ ஒருவரைக் கேலி செய்து எழுதினால் அவர் என் மேசைமேல் வந்து உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு அந்த வரம் இல்லை.

விரல்களுக்கு எண்ணெய் தடவு.

உன் அக்கா,
முரியல்


விட்பி,
21 ஜனவரி 1961

அன்புள்ள அக்காவுக்கு,

விரல்கள் தேவலை. உன் மணிக்கட்டுக்குக் கம்பளித் துணி சுற்று. எனக்காக இல்லாவிட்டாலும் உன் வாசகிகளுக்காக.

தவளை கேட்டாய். பெயர் வில்ஃப்ரெட் ஓல்ட்ராய்டு, வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகாதவர். நீரோடை, கிணறு, நீர்த்தேக்கம் எல்லாவற்றையும் அளந்து வாரியத்துக்கு எழுதுவது வேலை. உட்காருவதற்கு முன் ஒரு முறை ம்ம் என்பார், உட்கார்ந்த பின் ஒரு முறை. ஓட்ஸ் கஞ்சியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. தண்ணீரைக் குடிக்க மாட்டார், ருசி பார்ப்பார். "இது மலைத்தண்ணி. நேத்து மேல மழை பெஞ்சிருக்கு" என்று தம்ளரிடம் சொல்வார். பச்சை மேல்கோட்டை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. நான் மீன்கடையில் அவரைப் போல் ம்ம் சொல்லிக் காட்டினால் கடைக்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

இனி நான் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லாதே. போன வாரம் பாத்திரம் கழுவும்போது தும்மினேன். என் இரண்டு முன்பற்கள், பல்செட்டோடு, தொட்டிக் குழாய்க்குள் போய்விட்டன. நான் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் வந்தார், பார்த்தார். தரையில் படுத்துக் குழாயின் வளைவைக் கழற்றினார். எடுத்ததைக் கழுவிக் கைக்குட்டையில் வைத்து நீட்டிவிட்டு, "நான் ஜன்னலப் பாக்கிறேன். நீங்க போட்டுக்கோங்க" என்றார். போட்டுக்கொண்டேன். திரும்பாமலே கேட்டார்: "இனிமே ராத்திரிச் சாப்பாடும் இங்கயே சாப்பிடலாமா?"

அது வரைக்கும் காலை உணவு மட்டும்தான் அவருக்கு. இப்போது தினமும் ராத்திரி என் எதிரே உட்கார்ந்து ம்ம் என்கிறார். உன் கதைக்குத் தவளை இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது.

உலகத்தில் என் பல் விஷயம் பல் வைத்தியருக்கும் அவருக்கும் உனக்கும்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வின்னி


பாத்,
27 பிப்ரவரி 1961

அன்புள்ள வின்னி,

இருமலும் இல்லை, சளியும் இல்லை, உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் விலாதான் வலிக்கிறது. நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

எட்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. உன் ஆள் இப்போது சர் பார்னபி. சதுப்பு நிலங்களுக்குச் சொந்தக்காரர், பச்சைக் கோட்டு, உப்புக் கஞ்சி, செருமல், எல்லாம் அப்படியே இருக்கிறது. லண்டன் முழுவதும் என் நாயகி சீமாட்டி லெட்டியின் புன்னகையில் மயங்கிக் கிடக்கிறது, ஆனால் முன்பற்கள் இரண்டும் தங்கத்தில் கட்டிய பொய்ப் பற்கள். தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது தும்மிவிடுகிறாள். கோபப்படாதே. இருநூறு மைல் தள்ளி, நூற்றைம்பது வருஷம் தள்ளி, யாருக்குத் தெரியப் போகிறது?

முடிவையும் யோசித்துவிட்டேன். எல்லோரும் அவர் இளவரசனாக மாறுவார் என்று காத்திருப்பார்கள். மாற மாட்டார். நடன விருந்தில் அவள் அவரை நீரூற்றுக்குள் தள்ளிவிட்டு, அவளைச் சுற்றிச் சுற்றி வரும் அழகன் கேப்டன் ஜெரார்டோடு போய்விடுவாள். சர் பார்னபி தண்ணீரிலிருந்து எழுந்து ம்ம் என்பார். அதுதான் கடைசி வரி.

இன்னும் நாலு பக்கம் எழுது. சூப் எப்படிக் குடிப்பார்?

அன்புடன்,
முரியல்


விட்பி,
30 ஏப்ரல் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாய் இருக்க வேண்டும்.

மார்ச்சில் பனி அதிகம். கூடத்துக்கு வெள்ளை அடித்தாயிற்று. பின்வாசல் கதவு இப்போது கீச்சிடுவதில்லை. தோட்டத்தில் ரூபார்ப் செடி நன்றாக வந்திருக்கிறது.

சூப்பை எல்லோரையும் போலத்தான் குடிக்கிறார். எழுத ஒன்றும் இல்லை.

அந்த நீரூற்று எதற்கு, அக்கா? ஒரு மனிதரை அத்தனை பேர் முன்னால் தள்ள வேண்டுமா? சதுப்பு நிலத்துக்குப் பதிலாக நிலக்கரிச் சுரங்கம் என்று வைத்துப் பார். செருமலை எடுத்துவிடு. கோட்டு பழுப்பாக இருந்தால் என்ன? உனக்குத் தெரியாததா. புத்தகம் இன்னும் உன் கையில்தானே இருக்கிறது?

மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

வின்னி


பாத்,
22 மே 1961

அன்புள்ள வின்னி,

மணிக்கட்டு ஓய்வில் இருக்கிறது, ஏனென்றால் புத்தகம் போன வாரமே பதிப்பகத்துக்குப் போய்விட்டது. அவர்கள் அறையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்களாம். அக்டோபரில் கடைக்கு வந்துவிடும்.

எனக்கு உன்னைப் பற்றித்தான் கவலை. உன் போன கடிதம் ரயில்வே அறிவிப்பு மாதிரி இருந்தது. வெள்ளை அடித்ததாம், ரூபார்ப் வந்ததாம். கேலி இல்லாமல் நீ எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை, அப்பா இறந்த வாரத்தில்கூட. உடம்புக்கு ஏதாவதா? வைத்தியர் ஏதாவது சொன்னாரா? மறைக்காதே. மறைத்தால் அடுத்த ரயிலில் வந்து நிற்பேன், உனக்கு என் சமையல் தெரியும்.

கவலையுடன்,
முரியல்


விட்பி,
25 ஜூன் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு நோய் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

திரு. ஓல்ட்ராய்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன்.

பழ அப்பத்தை அடுப்பில் வைத்திருந்தேன். வந்து நின்று, "உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா, வாடகைக்கு இருக்கிறத நிறுத்திக்கலாம்னு பாக்கிறேன்" என்றார். "எப்ப காலி பண்றீங்க?" என்றேன். "காலி பண்றதாச் சொல்லலையே" என்றார். கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் "சரி" என்றேன். அப்பம் கருகும் வாசனை வந்தது, உள்ளே போய்விட்டேன்.

அக்டோபரில் மூன்று ஞாயிறு பாதிரியார் கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிப்பார். அதே அக்டோபரில் உன் புத்தகம் வருகிறது. அவருடைய கோட்டு, கஞ்சி, செருமல், என் பல், எல்லாம் அதில் இருக்கிறது. அவர் என் பல்லைப் பற்றி ஒரு ஆளிடமும் மூச்சு விடவில்லை, அக்கா. நான் அவரைப் பற்றி உனக்கு என்னென்ன எழுதினேன். படித்தால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் வேடிக்கை காட்டத்தான் என்று நினைப்பார். அவர் சத்தம் போட மாட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதை நிறுத்து. எப்படியாவது நிறுத்து.

வின்னி


பாத்,
3 ஜூலை 1961

என் வின்னி,

முதலில் என் முத்தங்கள். பிறகு என் தலையில் நானே அடித்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே லண்டன் போனேன். நிறுத்த முடியாது. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக, பாரம் பாரமாக அச்சடிக்கிறார்கள். எல்லாப் பாரமும் அச்சேறிக் காய்ந்துகொண்டிருக்கிறது. காலில் விழாத குறையாகக் கேட்டேன். கடைசிப் பாரம் மட்டும் இன்னும் ஏறவில்லை. அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள், வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்குள் கொடு என்கிறார்கள். பல் அச்சில் ஏறிவிட்டது, கோட்டும் ஏறிவிட்டது, செருமல் பதினெட்டு அத்தியாயத்துக்கும் இருக்கிறது. முடிவை மட்டும்தான் என்னால் காப்பாற்ற முடியும்.

லெட்டி அவரைத் தள்ளிவிடக் கூடாது. கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் புத்தகம் முழுவதும் அவரைப் பார்த்துச் சிரித்த பெண், பதினாறு பக்கத்துக்குள் அவரை எப்படி விரும்புவாள்? நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். மயக்கம் போட வைத்தேன், குதிரையிலிருந்து விழ வைத்தேன், எல்லாம் சாக்குத்துணி மாதிரி இருக்கிறது. பதினோரு காதல் நாவல் எழுதியவள் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உனக்கு எப்படி நடந்தது? ஜனவரியில் தவளை. ஜூனில் சரி. நடுவில் என்ன ஆயிற்று?

எனக்குத் தெரியாது, வின்னி. எனக்கு அது நடந்ததே இல்லை. உடனே எழுது.

முரியல்


விட்பி,
6 ஜூலை 1961

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. நேரம் இல்லை.

ஒரு பெரிய சம்பவமும் நடக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு ராத்திரி சாப்பிடும்போது நான் பாதிரியாரின் தொப்பியைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ம்ம் என்றார். மறுநாள் காலை கஞ்சி குடிக்கும்போது திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தார். "என்ன?" என்றேன். "அந்தத் தொப்பி" என்றார். நான் சொன்னதை மேலே எடுத்துக்கொண்டு போய், ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் கொண்டுவந்திருக்கிறார். நான் பேசுவதற்கு எல்லோரும் சிரிப்பார்கள், அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார்கள். ஒருவரும் அதை வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவர் எதற்குச் சிரிப்பார் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

மார்ச்சில் பனியில் மேட்டு நிலத்து நீர்த்தேக்கத்துக்குப் போனவர் திரும்பவில்லை. பாதை மூடிவிட்டது. தினமும் அவருக்குத் தட்டு வைத்தேன், எடுத்தேன். மூன்றாம் நாள் காலை என் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தேன். சகிக்கவில்லை. முழுவதையும் குடித்தேன். குடித்துவிட்டு அழுதேன், எனக்கு நாற்பத்தாறு வயது. பின்வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "தரைய ஈரம் பண்ணாதீங்க" என்றேன்.

இவ்வளவுதான். அவரிடம் இதில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லவும் வராது, நம் வீட்டில் யாருக்கு வந்தது? அப்பா அம்மாவை ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இது என்னிடமிருந்து வந்தது என்று யாரிடமும் சொல்லாதே. இந்தத் தடவையாவது.

வின்னி


பாத்,
15 ஆகஸ்ட் 1961

அன்புள்ள வின்னி,

வெயில் காலம் உனக்கு இதமாக இருக்கட்டும். எனக்கு ஒரு வாரமாகப் பசியில்லை, நான் அதற்குத் தகுதியானவள்தான்.

பதினாறு பக்கமும் போய்ச் சேர்ந்து, அச்சாகிவிட்டது. கேப்டன் ஜெரார்டை ஒரே பத்தியில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டேன். பதிப்பகத்தில் முகத்தைச் சுளித்தார்கள். "நல்லாச் சிரிச்சிட்டிருந்தோம், கடைசில அழ வெச்சிட்டீங்களே" என்று வாசித்த பெண் சொன்னாள். எனக்கு அது போதும்.

ஆனால் அதற்கு முன்னால் இருநூற்று நாற்பது பக்கம் இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. அவர் நாவல் படிப்பாரா? படிக்காத மனிதராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், இப்படி வேண்டிக்கொள்ளும் முதல் நாவலாசிரியை நானாகத்தான் இருப்பேன். எதற்கும் உங்கள் ஊர் நூலகத்தைக் கவனித்துக்கொள். இல்லாவிட்டால் நீயே முன்கூட்டி அவரிடம் சொல்லிவிடு. சொல்வது நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் என் யோசனையைக் கேட்டு நீ பட்டதே போதும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டபடி,
முரியல்


விட்பி,
16 அக்டோபர் 1961

அக்கா,

நீ நலமாக இரு. நான் நலமாக இல்லை.

முதல் ஓலை வாசித்த மறுநாள் நூலகத்துக்கு உன் புத்தகம் வந்தது. இரண்டு பிரதி. இரண்டையும் என் பேரில் எடுத்துவந்து போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். நூலகத்துப் பெண், "எதுக்கு ரெண்டு? ஒரே கதைதானே?" என்றாள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடற்கரைக்கு என்று உளறினேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் வந்து, கோட்டுப் பையிலிருந்து உன் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். ரயில் நிலையக் கடையில் வாங்கினாராம். "உங்க அக்கா எழுதினது. கல்யாணத்தில பாக்கும்போது ஒண்ணும் படிக்காம நின்னா மரியாதையா இருக்காதில்ல" என்றார். உனக்காக, அக்கா. உன்னிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்பதற்காக வாங்கியிருக்கிறார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், உருளைக்கிழங்கு இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

சனிக்கிழமை முழுக்க மாடியில் படித்தார். ராத்திரி சாப்பிட வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார். உட்காருவதற்கு முன்னும் ம்ம் இல்லை, பின்னும் இல்லை. சூப்பைச் சத்தமில்லாமல் குடிக்கப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதைப் படித்து முடித்தார், எதை இன்னும் படிக்கவில்லை என்று தெரியவில்லை. நேற்று இரண்டாம் ஓலை. கோயிலில் பக்கத்தில்தான் இருந்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரியார் கேட்டபோது நான் அவர் கைகளைப் பார்த்தேன், அசையவில்லை.

இன்று காலை நான் எழுவதற்குள் போய்விட்டார். பெட்டியைக் காணவில்லை, புத்தகத்தையும் காணவில்லை. மேட்டு நிலத்து நீர்த்தேக்கத்தில் வேலை என்று வாரியத்தில் சொல்கிறார்கள். எப்போது திரும்புவார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. நான் தனியாகப் போய் உட்கார்ந்து எங்கள் பேரைக் கேட்கப் போகிறேனா? எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வின்னி


மேட்டு நிலத்துச் சத்திரம்,
18 அக்டோபர் 1961

மரியாதைக்குரிய மிஸ் ஹாடோ அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களுக்கு மணிக்கட்டில் வலி என்று மிஸ் வின்னி சொல்லியிருக்கிறார். தாங்கள் என்னைச் சந்தித்ததில்லை. ஆனால் தங்கள் புத்தகத்தைப் படித்த பிறகு, தங்களுக்கு என்னை நன்றாகத் தெரியும் என்று தெரிகிறது.

ஒன்பதாம் பக்கத்திலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டேன். முதலில் ஒரு குறிப்பு. அறுபத்தொன்றாம் பக்கத்தில் கிணற்றுக்குள் விழுந்த பல், தண்ணீர் மேல் மிதப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தங்கம் மிதக்காது. அடுத்த பதிப்பில் திருத்தலாம்.

என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்திலிருந்து பழகியது. வலிக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாங்கும். பல் விஷயம்தான் தாங்கவில்லை. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அது எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவர் அதைத் தமாஷாகத் தங்களுக்கு எழுதியிருக்கிறார் என்று புரிந்ததும், எதிரே உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே வந்தேன். வேலையும் இருந்தது.

நேற்று இங்கே மிச்சத்தைப் படித்து முடித்தேன். கடைசிப் பக்கங்களைத் திரும்பவும் படித்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜூனில் நான் கேட்டபோது மிஸ் வின்னி சரி என்றார், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு வயதாகிறது, வீடு பெரியது, கூரை ஒழுகுகிறது, ஒரு ஆள் இருந்தால் உதவி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார் என நினைத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த அளவு கிடைத்ததே பெரிது என்று நினைத்துத்தான் ஓலை கொடுத்தேன். ஆனால் தங்கள் கடைசிப் பக்கங்களில் அந்தச் சீமாட்டி, அந்த மனிதரைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்கிறார். காலையில் சிரிப்பதைப் பற்றி. பனியில் அவர் வராத நாட்களில் அவள் என்ன குடித்தாள் என்பதைப் பற்றி.

நான் கேட்க விரும்புவது இதுதான். அவை தங்கள் கற்பனையா? தாங்கள் கெட்டிக்காரர், கற்பனையாக இருக்கலாம். அப்படியானால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அப்போதும் கல்யாணம் நடக்கும், நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கூரையையும் சரிசெய்வேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
வில்ஃப்ரெட் ஓல்ட்ராய்டு


பாத்,
19 அக்டோபர் 1961

அன்புள்ள வில்ஃப்ரெட்,

மிஸ்டர் எல்லாம் எனக்கு வராது, இனி நீங்கள் எங்கள் வீட்டு ஆள். உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது, தபால்காரர் தெருமுனைப் பெட்டியைத் திறப்பதற்குள் இதைப் போட வேண்டும். மேட்டு நிலத்தில் குளிர் அதிகமாக இருக்கும். அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இருநூற்று நாற்பது பக்கத்துக்கு நான்தான் பொறுப்பு. அவள் ஒரு குளிர்கால ராத்திரியில் அக்காவைச் சிரிக்க வைக்க எழுதியதை நான் எடுத்து ஊரெல்லாம் விற்றேன். ஏப்ரலிலேயே உங்கள் கோட்டு நிறத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். எனக்குப் புரியவில்லை. அதற்காக நீங்கள் என்னோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இருக்கலாம், அவளோடு வேண்டாம்.

கடைசிப் பக்கங்களைக் கேட்டீர்கள். அவற்றை எழுத எனக்குத் தெரியாது. பதினோரு நாவலில் அந்த மாதிரி ஒரு பக்கம் நான் எழுதியதில்லை, எழுத முடிந்திருந்தால் அவளை ஏன் கேட்கப் போகிறேன்? வின்னி ஜூலையில் எனக்கு எழுதியதுதான் அது. பாதிரியாரின் தொப்பியைப் பிரபுவின் விக் என்று மாற்றினேன், ஒரு குதிரை வண்டி சேர்த்தேன். கஞ்சியில் கை வைக்கவில்லை. மார்ச் மாதம், மூன்றாம் நாள் காலை, உப்புப் போட்டு, முழுவதையும் குடித்துவிட்டு அழுதாள். பிறகு நீங்கள் வந்ததும் தரையை ஈரம் பண்ணாதீர்கள் என்றாளே, அதே காலைதான்.

இதை யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாள். போன தடவையும் அப்படித்தான் எழுதினாள். நான் மறுபடியும் சொல்லிவிட்டேன், இதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஓலை வாசிக்கும்போது உங்கள் இடத்தைப் பார்க்கப் பயந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சனிக்கிழமைப் பேருந்தைப் பிடியுங்கள். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு வருகிற மாதிரி ஒரு தடவை ம்ம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அக்கா,
முரியல்